எலும்பு எங்கே வளர்கிறது என்பதைக் கறிக்கடை எலும்பில் காட்ட முடியுமா?

கெடிலக்கரை (கேள்வி)

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் அடுத்து எலும்பு மண்டலம் வருகிறது. ஆய்வகத்தில் ஆளுயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. பெயர்களைச் சொல்லித் தர அது போதும். எலும்பு உயிருள்ள திசு, அது வளர்கிறது, கரைகிறது, திரும்பக் கட்டப்படுகிறது என்பதையெல்லாம் அந்த பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு எப்படி நம்ப வைப்பது?

எனக்கு வேண்டியவை மூன்று.

எலும்பு நீள்வது நடுவிலா, முனையிலா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். புத்தகப் படத்தில் உள்ள வளர்ச்சித் தட்டை (வளரும் எலும்பில் உள்ள குருத்தெலும்பு அடுக்கு) நிஜ எலும்பில் காட்ட எதை வாங்கலாம்? கோழிக்காலா, ஆட்டுக்காலா? எங்கே வெட்டினால் தெரியும்?

அடுத்து, கோழி எலும்பை வினிகரில் ஊற வைத்தால் வளையும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. சாப்பிட்டு மிச்சமான கால் எலும்பு ஒரு வாரமாக ஊறுகிறது. மேலே கொழகொழப்பாக ஆனதோடு சரி, வளையவில்லை. எதில் கோளாறு?

கடைசியாக, பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை எண்ணினால் 206 வரமாட்டேன் என்கிறது. பிறந்த குழந்தைக்கு 300, பெரியவர்களுக்கு 206 என்றால் மீதி எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் ஒரே வரியில் "ஒட்டிக்கொள்கிறது" என்று சொல்லி நகர மனம் வரவில்லை.

செலவு அதிகம் ஆகக் கூடாது. இரண்டு பாடவேளைதான் இருக்கிறது.

---

பாகூரான்

டீச்சர், முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஆட்டுக்கால்தான் சரி. கோழி வேண்டாம்.

கடையில் கிடைக்கும் பிராய்லர் ஆறேழு வாரத்துக் குஞ்சு. அதன் எலும்பு முனையில் தடிமனான குருத்தெலும்புக் குல்லாதான் இருக்கும். மனித எலும்பில் முனைக்குள் தனியாக ஓர் எலும்பு மையம், தண்டில் ஒன்று, இரண்டுக்கும் இடையில் குருத்தெலும்புத் தட்டு என்ற அமைப்பு உண்டு. பறவைகளின் பெரும்பாலான நீள எலும்புகளில் முனைக்கான அந்தத் தனி மையம் தோன்றுவதே இல்லை. கோழியை வெட்டிக் காட்டினால் புத்தகப் படத்தோடு பொருந்தாது, பிள்ளைகள் குழம்புவார்கள்.

ஆட்டுக்காலில் குளம்புக்கு மேலே உள்ள நீள எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்காலில் அது நம் உள்ளங்கை எலும்புக்குச் சமம், பின்காலில் பாத எலும்புக்குச் சமம். (ஆட்டின் முன்கால் "முட்டி" என்று நாம் சொல்வது அதன் மணிக்கட்டு. இதைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.) கடையில் கேட்கும்போது "பல் போடாத குட்டியோட கால், பாயாவுக்கு இல்ல, வெட்டாம முழுசா குடுங்க" என்று கேளுங்கள். பல் போடாதது என்றால் ஏறக்குறைய ஒரு வயதுக்குள். தட்டு தடிமனாக இருக்கும். இரண்டு பல் போட்டதிலும் பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் மெலிந்து போயிருக்கும். முதிர்ந்த ஆட்டில் தட்டே இருக்காது. அதையும் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்தால் வளர்ச்சி நின்ற எலும்பைக் காட்டியதாக ஆகும். மேல்தோல் வாட்டிய கால் என்றாலும் பரவாயில்லை, உள்ளே பாதிக்காது.

வெட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

தோல், தசைநாரை எல்லாம் எடுத்துவிட்டு எலும்பை ஃப்ரீசரில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். மஜ்ஜை இறுகிவிடும், வெட்டும்போது பரப்பெல்லாம் இழுத்துப் பூசாது. கத்தி, அரிவாள் கூடாது. எலும்பு பிளந்து தெறிக்கும், தட்டு இருக்கிற இடம் நசுங்கும். இரும்பறுக்கும் ஹேக்ஸா பிளேடு, நுண்ணிய பல் உள்ளது, போதும். எலும்பைத் துணி சுற்றி வைஸில் கடித்து வைத்து மெதுவாக நீளவாக்கில் அறுக்க வேண்டும். வேகமாக அறுத்தால் சூட்டில் குருத்தெலும்பு பழுப்பாகிவிடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

எந்த இடத்தில் அறுப்பது? குளம்புப் பக்க முனையைப் பாருங்கள், இரண்டு உருளைகள் இருக்கும். இரண்டு எலும்பு ஒட்டி ஒன்றான எலும்பு அது. சரியாக நடுவில் அறுத்தால் பிளேடு இரண்டு உருளைக்கும் இடையே உள்ள பள்ளத்தில் போய்விடும், ஒன்றும் தெரியாது. ஓர் உருளையின் நடுவைப் பிடித்து அறுக்க வேண்டும். மேல் முனையிலும் தட்டைத் தேடி ஏமாற வேண்டாம். இந்த எலும்பில் வளர்ச்சித் தட்டு கீழ் முனையில் மட்டும்தான் உண்டு. நம் உள்ளங்கை எலும்புகளும் அப்படியே, ஒவ்வொன்றிலும் ஒரு முனையில்தான் தட்டு. விரல் நான்குக்கும் விரல் பக்க முனையில், கட்டைவிரலுக்கு மட்டும் மணிக்கட்டுப் பக்க முனையில்.

அறுத்த முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். முனையிலிருந்து தண்டை நோக்கிப் பார்த்தால் வரிசை இப்படி: பளபளப்பான மூட்டுக் குருத்தெலும்பு; சிவந்த, பொறுபொறுப்பான முனை எலும்பு; பிறகு முத்து வெள்ளையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஓர் அலைக்கோடு. அதுதான் வளர்ச்சித் தட்டு. அதைத் தாண்டி மறுபடி பொறுபொறுப்பான எலும்பு, அதற்கப்புறம் கெட்டிச் சுவரும் மஜ்ஜைக் குழியும். நகத்தால் அழுத்தினால் அலைக்கோடு மட்டும் அமுங்கும். தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுக்க வசதியில்லை என்றால் வேக வைத்துவிடுங்கள். நன்றாக வெந்ததும் தட்டில் உள்ள குருத்தெலும்பு குழைந்து, எலும்பின் முனை கழன்று கையோடு வரும். பாயா சாப்பிடுகிற எவரும் அதைப் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. கழன்ற இரண்டு முகங்களிலும் மேடும் பள்ளமுமாக இருப்பதைக் காட்டுங்கள். முனை வழுக்கி விலகாமல் ஒன்றுக்குள் ஒன்று பிடித்துக்கொள்ளத்தான் அந்த அமைப்பு.

நடுவிலா முனையிலா என்பதற்குப் பழைய சோதனையே போதும். ஸ்டீஃபன் ஹேல்ஸ் 1727-ல் கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளை போட்டார். இரண்டு மாதம் கழித்து எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது, துளைகளுக்கு இடையே அதே அரை அங்குலம்தான். தண்டு நீளுவதில்லை, பருக்க மட்டும் செய்கிறது. வெளியுறையின் அடியில் புது எலும்பு படியும், உட்சுவரை எலும்புத் தின்னிச் செல்கள் கரைக்கும். அதனால்தான் எலும்பு பருக்கப் பருக்க உள்குழியும் அகலமாகிறது.

பிள்ளைகள் படம் வரையும்போது தலைகீழாகப் போடும் இடம் ஒன்று உண்டு. தட்டில் புதுச் செல்கள் பிறப்பது மூட்டுப் பக்கம். அவை நாணய அடுக்குகளாக வரிசை கட்டி, பெருத்து, சுற்றிலும் சுண்ணாம்பு படிந்து, செத்து, எலும்பாக மாறுவது தண்டுப் பக்கம். எனவே முனைதான் தண்டை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறது.

எல்லா முனையும் சமமாக வளர்வதுமில்லை. தொடை எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தைக் கொடுப்பது முட்டிப் பக்கத் தட்டு. மேற்கை எலும்பில் 80 சதவீதம் தோள் பக்கம். முன்கையின் ரேடியஸில் (கட்டைவிரல் பக்க எலும்பு) முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கம். கையில் முழங்கையை விட்டு விலகியும், காலில் முட்டியை ஒட்டியும் வளர்ச்சி அதிகம் என்று சொல்லிக் கொடுத்தால் மறக்காது.

---

அமிலக்குடுவை

வினிகர் விஷயம். நீங்க எழுதினதிலேயே கோளாறு இருக்கு: "சாப்பிட்டு மிச்சமான எலும்பு". குக்கர்ல வெந்த எலும்பு இந்தச் சோதனைக்கு ஆகாது. எலும்பை வளைய வைக்கிறது அதுக்குள்ள இருக்கிற கொலாஜன் நார். வேக வேக கொலாஜன் ஜெலட்டினா மாறிக் குழம்புல இறங்கிடும் (எலும்பு சூப் ஆறினா உறையறது அதனாலதான்). அப்புறம் அமிலம் தாது உப்பையும் எடுத்துட்டா மிஞ்சறது கொழகொழப்புதான்.

பச்சை எலும்பு வாங்குங்க. அதுலயும் தொடைக்குக் கீழே வர்ற தடிமனான கால் எலும்பை எடுத்தா நாள் இழுக்கும். இறக்கையோட நடுத்துண்டுல ரெண்டு எலும்பு இருக்கும். அதுல மெல்லிசா இருக்கிறது ரேடியஸ். அதைப் போட்டா வினிகர்லயே ரெண்டு மூணு நாள்ல விரல்ல சுத்தலாம். கால்ல பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற ஊசி எலும்பும் சரி.

செய்முறை:

சதையைச் சுரண்டி, மேல இருக்கிற மெல்லிய உறையையும் கத்தி முதுகால வழிச்சு எடுங்க. ரெண்டு முனையையும் கொஞ்சம் நறுக்கிடுங்க, அப்பதான் அமிலம் உள்பக்கமும் போகும். மஜ்ஜைக் கொழுப்பு அடைச்சுக்கிட்டிருந்தா கம்பியால குத்தி, பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணில ஒரு மணி நேரம் ஊற வச்சு அலசுங்க. கொழுப்பு இருக்கிற இடத்துல அமிலம் இறங்காது.

மளிகைக் கடை வினிகர் நாலஞ்சு சதவீத அசிட்டிக் அமிலம். எலும்பு எடையைப் போல குறைஞ்சது இருபது மடங்கு ஊத்தணும், பத்து கிராம் எலும்புக்கு 200–250 மில்லி. தினமும் கொட்டிட்டுப் புதுசு மாத்தணும். இதை யாரும் செய்யறதில்ல. தாது உப்பு கரையக் கரைய அமிலம் தீர்ந்துகிட்டே வரும், அசிடேட் சேரும், ஒரு கட்டத்துல அப்படியே நின்னுடும். ஒரே வினிகர்ல மாசக்கணக்கா விட்டாலும் அதுக்கு மேல நகராது. முதல் நாள் சின்னச் சின்னக் குமிழி வரும். அது எலும்புல கொஞ்சமா இருக்கிற கார்பனேட். முக்கியமான தாது கால்சியம் பாஸ்பேட் வகை, அது குமிழி விடாது. குமிழி நின்னுடுச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சிடாதீங்க.

சீக்கிரம் வேணும்னா ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆய்வகத்து அடர் அமிலம் 85 மில்லியை எடுத்து, முக்கால் லிட்டர் தண்ணிக்குள்ள மெல்ல ஊத்தி, அப்புறம் ஒரு லிட்டருக்கு நிரப்புங்க. கிட்டத்தட்ட ஒரு நார்மல் வரும். தண்ணியை அமிலத்துல ஊத்தக் கூடாது. கண்ணாடி, கையுறை, சன்னல் திறந்திருக்கணும். கோழிக் கால் எலும்பு ஒண்ணு ரெண்டு நாள்ல முடியும். கழிவறை ஆசிட் வேண்டாம், நிறமும் வேற சரக்கும் கலந்திருக்கும். இந்த அமிலத்துல ரொம்ப நாள் மறந்துட்டா கொலாஜனும் அரிச்சுப் போகும், எடுக்கும்போதே பிஞ்சிடும்.

முடிஞ்சதான்னு பார்க்க ஊசியால குத்தினா நறநறன்னு தட்டக் கூடாது. பிள்ளைகளுக்கு வேதியியலோட சேர்த்துக் காட்ட நல்ல சோதனை ஒண்ணு உண்டு. எலும்பு ஊறின அமிலத்துல அஞ்சு மில்லி எடுத்து, லிட்மஸ் நீலமாகிற வரைக்கும் அம்மோனியா விட்டு, அஞ்சு மில்லி அம்மோனியம் ஆக்சலேட் கரைசல் சேருங்க. வெள்ளையா கலங்கினா எலும்புலருந்து இன்னும் கால்சியம் இறங்கிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். புது அமிலத்துல ஒரு நாள் ஊறின பிறகும் கலங்கலையா, எடுத்துடலாம். எடுத்ததும் ஓடற தண்ணில சில மணி நேரம் அலசி, கொஞ்சம் சமையல் சோடாத் தண்ணில முக்கி எடுங்க. இல்லைனா பிள்ளைங்க கையில புளிப்பு ஒட்டும்.

இதோட மறுபாதியையும் சேர்த்துக் காட்டினாதான் பாடம் முழுசாகும்: எரிச்ச எலும்பு. கொலாஜன் போய்த் தாது மட்டும் மிஞ்சும். எலும்பைச் சின்னத் துண்டா வெட்டிக் காய வச்சுக்குங்க. மூடின முழு எலும்பைத் தணல்ல போட்டா உள்ள ஆவி அடைச்சு வெடிக்கும். கரித்தணல்ல அரை மணி முக்கால் மணி நேரம். கறுப்பா இருந்தா கார்பன் இன்னும் இருக்கு, பாதி வேலைதான். சாம்பல் நிறம் தாண்டி வெள்ளையாகணும். முடி கருகற நாத்தம் வரும். வகுப்புல செய்யாம முன்னாடியே தயார் பண்ணிக் கொண்டு போங்க. வடிவம் அப்படியே இருக்கும், விரலால அமுக்கினா பொடிஞ்சிடும்.

எடை போட்டுக் காட்டறதா இருந்தா காய வச்சுக் கொழுப்பெடுத்த எலும்பை எடைபோட்டுட்டு எரிங்க. சாம்பல் ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு நிற்கும். ஈர எலும்பை எடைபோட்டா தண்ணி, மஜ்ஜை எல்லாம் சேர்ந்து கணக்கு கெடும். அமிலத்துல ஊறின எலும்பை எடைபோடவே போடாதீங்க. தாது போன இடத்தைத் தண்ணி நிரப்பிடும், எடை பெருசா குறையாது, "ஒண்ணும் கரையலையே சார்"னு ஒருத்தன் கேட்பான்.

---

முதுநகர்

கடலூர் துறைமுகத்திலேயே குருத்தெலும்பு கிலோ கணக்கில் கிடைக்கிறதே, திருக்கை. சுறா, திருக்கை இரண்டுக்கும் உடம்பில் எலும்பே கிடையாது, முழுக்கக் குருத்தெலும்பு. திருக்கைச் சிறகை நறுக்கினால் வரிசை வரிசையாகக் குச்சிகள் இருக்கும், கத்தி இலகுவாக இறங்கும். பக்கத்தில் ஒரு வஞ்சிர முள்ளை வைத்துவிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது, அதனால்தான் மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்தால் திரும்ப வளர்வது கஷ்டம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. சுறாவின் முதுகெலும்புத் துண்டு கையில் கெட்டியாக இருக்கும். குருத்தெலும்பின் மேல் சுண்ணாம்பு படிந்த கெட்டி அது. எலும்பு என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, திமிங்கலச் சுறா, வேளா போன்றவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சந்தையில் சாதாரணமாக விற்கும் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம் கரையில் ஒதுங்கும் பங்குனி ஆமையின் ஓட்டையும் எலும்பையும் "மாதிரிக்கு" என்று பள்ளிக்குத் தூக்கி வருவது நடக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது, செத்ததைக்கூட வைத்திருக்க முடியாது.

---

கதிர்ப்படம்

நான் எக்ஸ்ரே பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். ஆட்டுக்காலில் பார்த்த அந்த வெள்ளைக் கோடு எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். குருத்தெலும்பில் சுண்ணாம்பு இல்லாததால் கதிர் ஊடுருவிவிடும். எலும்பின் முனை தனியே மிதப்பது போல இருக்கும். பிள்ளையின் மணிக்கட்டுப் படத்தைப் பார்த்துப் பெற்றோர் "எலும்பு விட்டுப்போச்சு" என்று பதறுவது இதனால்தான்.

முடிந்தால் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளின் கைப் படங்கள் நான்கைந்து வாங்கி (பெயர், எண் எல்லாம் மறைத்து) சன்னல் வெளிச்சத்தில் வரிசையாக ஒட்டுங்கள். பிறந்த குழந்தையின் மணிக்கட்டு வெறுமையாக இருக்கும், எட்டு எலும்பில் ஒன்றுகூடத் தெரியாது. முதல் சில மாதத்தில் கேபிடேட், ஹேமேட் இரண்டும் வரும். கடைசியாகப் பட்டாணி அளவு பிசிஃபார்ம், ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள். எலும்பு வயது கணிப்பது இந்த வரிசையையும் தட்டுகளின் நிலையையும் பார்த்துத்தான், வழக்கமாக இடது கையில். பிறந்த தேதி பத்து வயது காட்ட, எலும்பு எட்டு வயது காட்டலாம். அந்தப் பிள்ளைக்கு வளர இன்னும் காலம் இருக்கிறது என்று பொருள்.

தட்டு மூடுவது முட்டிப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14–15, பையன்களுக்கு 16–17 வயது. மணிக்கட்டில் இன்னும் ஓரிரு வருடம் தள்ளி. எல்லாவற்றுக்கும் கடைசி, காறை எலும்பின் மார்புப் பக்க முனை. இருபதுகளின் நடுவிலும் மூடாமல் இருக்கும். கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவதும் அதே காறை எலும்புதான்.

தட்டை மூட வைப்பது ஈஸ்ட்ரோஜன் (பெண்களுக்கு அதிகம் சுரக்கும் ஹார்மோன்), பையன்களுக்கும் அதுவே. இதைப் பலர் நம்புவதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துச் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம்) வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி 1994-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. 28 வயது, 204 செ.மீ. உயரம், டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தும் தட்டுகள் திறந்தே இருந்தன. பெண்பிள்ளைகள் பூப்பெய்திய பிறகு உயரம் கூடுவது சீக்கிரம் மட்டுப்படுவதற்கும் இதே ஹார்மோன்தான் காரணம்.

"கம்பியில் தொங்கினால் உயரமாகலாமா" என்று கட்டாயம் கேட்பார்கள். தொங்குவதால் தட்டு வேகமாக வளராது. காலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடவும் மாலையில் குறைவாகவும் இருப்பது முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் பகலில் தண்ணீரை இழப்பதால். படுத்தெழுந்தால் திரும்பிவிடும்.

உடற்கல்வி ஆசிரியரையும் இந்த வகுப்புக்குக் கூப்பிடுங்கள். வளரும் பிள்ளையின் எலும்பில் தட்டுதான் பலவீனமான இடம், மூட்டில் எலும்புகளை இணைக்கும் தசைநார் அதைவிட உறுதி. பெரியவருக்குச் சுளுக்கு வரும் அதே விழுகையில் பிள்ளைக்குத் தட்டு விலகும். கையூன்றி விழுந்தபின் மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே எலும்பை விரலால் அழுத்தினால் வலி உயிர் போகிறது என்றால், அதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ விடக் கூடாது. அட்டையோ ஸ்கேலோ வைத்து, மூட்டு இரண்டும் அசையாமல் கட்டி, படம் எடுக்க அனுப்ப வேண்டும். சில வகைத் தட்டு முறிவு முதல் படத்தில் தெரியவே தெரியாது, அழுத்தினால் வரும் வலிதான் அடையாளம். இந்த முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்து சால்ட்டரும் ஹாரிஸும் 1963-ல் வெளியிட்டதைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். இரண்டாம் வகைதான் அதிகம் வரும், பெரும்பாலும் நன்றாகவே கூடும். ஐந்தாம் வகை, தட்டு நசுங்குவது, அரிது. அதில் ஒருபக்கம் வளர்ச்சி நின்று எலும்பு கோணலாகப் போகலாம். அதனால்தான் கட்டுப் பிரித்து மாதங்கள் கழித்தும் திரும்பப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். வலி இல்லையே என்று பெற்றோர் வராமல் விடுவதுதான் இதில் நடக்கிற தப்பு.

---

முத்தியால்பேட்டை

206 கணக்குக்கு நான் வருகிறேன். பிளாஸ்டிக் மாதிரியில் வராததற்குக் காரணம் எளிது. காதுக்குள் உள்ள குட்டி எலும்புகள் ஆறு பெரும்பாலான மாதிரியில் கிடையாது. நாவடி எலும்பும் இருக்காது. அது வேறெந்த எலும்போடும் மூட்டுப் போடாமல் தசையில் தொங்குவது, மாதிரியில் கம்பி கட்ட இடமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மலிவான மாதிரியில் முட்டிச் சில்லும் காணாமல் போயிருக்கும், தொடை எலும்போடு ஒட்டி வார்த்தும் இருக்கும். மண்டையோடு மூடி, அடி, தாடை என்று மூன்றாகக் கழலும், அதை மூன்று என்று எண்ணிவிடுவார்கள்.

எண்ண வேண்டிய முறை: அச்சுச் சட்டகத்தில் மண்டையோடு 22, காது 6, நாவடி 1, முதுகுத் தொடர் 26, விலாவும் மார்பெலும்பும் 25, ஆக 80. கை ஒன்றுக்கு 30 (மேற்கை 1, முன்கை 2, மணிக்கட்டு 8, உள்ளங்கை 5, விரல் 14). கால் ஒன்றுக்கும் 30 (தொடை, கீழ்க்காலில் இரண்டு, முட்டிச் சில்லு, கணுக்கால் பகுதி 7, பாதம் 5, விரல் 14). தோளில் 4, இடுப்பில் 2, இரு கை இரு கால் சேர்த்து ஆக 126. மொத்தம் 206. கணுக்கால் பகுதியில் எட்டு என்று எழுதித்தான் அதிகம் பேர் மதிப்பெண் இழக்கிறார்கள்.

குழந்தைக் கணக்கை 300 என்றும் 270 என்றும் இரண்டு விதமாகப் பார்ப்பீர்கள். இரண்டும் எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. குறைவது எங்கே என்று சொல்லலாம்: நெற்றி எலும்பு இரண்டாகப் பிறந்து இரண்டு வயதுக்குள் ஒன்றாகும். கீழ்த்தாடை இரண்டு பாதி, முதல் வருடத்தில் சேரும். இடுப்பெலும்பு பக்கத்துக்கு மூன்று, அவை தொடைக்குழியில் சந்தித்துப் பதின்பருவத்தில் ஒட்டும். முதுகுத் தொடரின் அடியில் உள்ள திரிக எலும்பில் ஐந்து முள்ளெலும்புகள், இருபதுகளில்தான் முழுசாக ஒன்றாகின்றன. வால் எலும்பு நான்கு போல. அதே நேரத்தில் கதிர்ப்படம் சொன்னது போல மணிக்கட்டில் புதிதாக எலும்பு தோன்றிக்கொண்டும் இருக்கிறது. முட்டிச் சில்லு மூன்று வயது வரை வெறும் குருத்தெலும்புதான். ஆக ஒருபக்கம் கூடி, ஒருபக்கம் குறைந்து வந்து நிற்கிற எண் 206. அதுவும் எல்லோருக்கும் அச்சடித்தது போல வராது. சிலருக்கு விலா ஒன்று கூடுதலாகக் கழுத்தில் இருக்கும், சிலருக்கு இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவது திரிகத்தோடு ஒட்டியிருக்கும்.

நிஜ எலும்பைக் காட்ட வேண்டும் என்றால் மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறைக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம் எழுதுங்கள். உங்களுக்குச் சிதம்பரம் பக்கம், எங்களுக்கு ஜிப்மர். தேர்வுக் காலம் தவிர்த்துக் கேட்டால் நல்லது.

---

கெடிலக்கரை

அனைவருக்கும் நன்றி. இறக்கை ரேடியஸை இன்றே போட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. ஆட்டுக்காலையே வைத்து எலும்பின் வேலைகளையும் (ரத்த உற்பத்தி, கால்சியம் சேமிப்பு) சொல்ல முடியுமா? வளையும் எலும்பையும் வெட்டிய எலும்பையும் அடுத்த ஆண்டுக்கு எப்படி வைப்பது?

---

பாகூரான்

முதல் கேள்விக்கு: அதே வெட்டு முகம் போதும். முனைப் பக்கப் பொறுபொறுப்பில் சிவப்பு மஜ்ஜை, தண்டுக் குழியில் வெளிறிய கொழுப்பு மஜ்ஜை. மனிதரில் பிறக்கும்போது எல்லா எலும்பிலும் சிவப்புதான். வயது ஏற ஏற கைகால் தண்டுகளில் கொழுப்பு நிரம்பி, பெரியவர்களுக்கு முள்ளெலும்பு, மார்பெலும்பு, விலா, இடுப்பு, மண்டையோடு, தொடை மேற்கை எலும்புகளின் மேல்முனை இவற்றில் மட்டும் ரத்தம் உற்பத்தியாகிறது. மஜ்ஜைப் பரிசோதனைக்கு இடுப்பெலும்பில் ஊசி போடுவது அதனால்தான்.

கால்சியத்துக்கு அமிலக்குடுவை சொன்ன ஆக்சலேட் கலங்கலே சாட்சி. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும், ஒரு கிலோ அளவுக்கு. ரத்தத்தில் 100 மில்லிக்கு 9 முதல் 10 மில்லிகிராம் மட்டும். அந்தச் சிறு அளவு குறைந்தால் இதயத் துடிப்பும் தசை இயக்கமும் தடுமாறும் என்பதால், பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைத்தாவது அதைச் சரிக்கட்டும். சாப்பாட்டில் கால்சியம் குறைந்த பிள்ளைக்கும் ரத்தப் பரிசோதனை இயல்பாகவே வரும், குறைவது எலும்பில். 13–15 வயதுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் சொன்ன அளவு நாளைக்கு 1000 மில்லிகிராம். கேழ்வரகு 100 கிராமில் 350 போல இருக்கிறது. முள்ளோடு மெல்லும் நெத்திலியிலும் நன்றாகக் கிடைக்கும். முள்ளை எடுத்துவிட்டுச் சாப்பிடும் மீனில் அந்தக் கால்சியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெட்டிய எலும்பைப் பாதுகாக்க வேக வைக்காதீர்கள், முனை கழன்றுவிடும். டிடர்ஜென்ட் தண்ணீரில் போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, கொழுப்பு மிதப்பது நிற்கும்வரை விடுங்கள். பிறகு நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்தால் தட்டிலுள்ள குருத்தெலும்பு சுருங்கி அந்த இடம் ஒரு பிளவாகத் தெரியும். கதிர்ப்படம் சொன்ன கறுப்புக் கோடு இருக்கும் இடமும் அதுதான், எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வெள்ளைத் தட்டாகவே வேண்டும் என்றால் உலர்த்தாமல் ஆல்கஹாலில் வைக்க வேண்டும்.

---

அமிலக்குடுவை

வளையற எலும்புக்கும் 70 சதவீத ஆல்கஹால், அகல வாய் பாட்டில்ல. ஃபார்மலின் வேண்டாம், பிள்ளைங்க கையில எடுக்கிற பொருள். ஆல்கஹால் இல்லைன்னா உப்பு கரையற வரைக்கும் போட்ட தண்ணில, ஃபிரிட்ஜ்ல, சில வாரம் தாங்கும். வெளியில மறந்து வச்சுக் காஞ்சு விறைச்சுப் போனா தூக்கிப் போடாதீங்க. ராத்திரி முழுக்கத் தண்ணில ஊற வச்சா மறுபடி வளையும். லேபிளைப் பென்சில்ல எழுதிப் பாட்டிலுக்குள்ள போடுங்க. பேனா மை ஆல்கஹால்ல கலைஞ்சிடும்.